காரியத்தன்று கிழித்த போஸ்டர்

நவம்பர் வந்தால் எங்கள் கிளையில் திருவிழாக் கூட்டம். பென்ஷன்காரர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கிற மாதம். "நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று ஒரு மனிதர் வருஷா வருஷம் நிரூபிக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான். ஆனால் ரூல் ரூல்தானே!

அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வருவார். நம்ம வட ஆற்காடு பக்கம். இப்போது ஆர்.கே.புரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். தமிழில் நாலு வார்த்தை பேசலாம் என்பதற்காகவே எத்தனை நேரமானாலும் காத்திருந்து என் மேஜைக்குத்தான் வருவார். ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவு. போன வருஷம் பேச்சுவாக்கில், "தொண்ணூறு வாக்கில் எங்க ஐயா போஸ்டிங்?" என்று கேட்டேன்.

"ஸ்ரீலங்கா தம்பி" என்றார். சட்டென்று குரல் இறங்கிவிட்டது. சுற்றிலும் இந்திக்காரர்கள். அந்த இடத்தில் தமிழ் புரிகிற ஒரே ஆள் நான்தான். அந்த ஒரு ஆளுக்காகத்தான் குரல் இறங்கியது என்று எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

புரிந்ததும் சங்கடமாகிவிட்டது. காரணம் இருக்கிறது. 1990-ல் எனக்குப் பதினோரு வயது. எங்கள் மாமா ஈழத்தமிழருக்காக உண்டியல் குலுக்கியவர். வீட்டில் எப்போதும் அந்தப் பேச்சுதான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து தகரப் பெட்டியோடு நடந்து வந்த ஒரு பட்டாளத்துக்காரரைப் பார்த்து, நாங்கள் பையன்கள் நாலைந்து பேர், "எத்தனை தமிழனைச் சுட்டே?" என்று கத்திவிட்டு ஓடினோம். அவர் இலங்கைக்குப் போனவர்தானா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். உடனே இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் போய் இறங்கியது. ஆரம்பத்தில் மாலை போட்டு வரவேற்றவர்கள் ஈழத்தமிழர்கள்தான். அக்டோபரில் எல்லாம் தலைகீழ். விடுதலைப் புலிகளோடு நேரடிப் போர். அக்டோபர் 21, தீபாவளி சமயம், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படை நுழைந்து சுட்டதில் டாக்டர்கள், நர்ஸுகள், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தப் பக்கம் மூன்று வருஷத்தில் இந்திய வீரர்கள் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் தமிழ்க் குடும்பத்து மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-ல் மார்பில் குண்டு வாங்கி இறந்து பரம்வீர் சக்ரா பெற்றதும் அங்கேதான். ஆக, இரண்டு பக்கக் கணக்கும் உண்மை. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை. பி.காம். படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்ன!

கடைசிப் படைப்பிரிவு 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு ஏற்பாடு. அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலைப்பாடு. தில்லியில் பலர் கொதித்துப் போனார்கள். தமிழ்நாட்டில் பலர் கைதட்டினார்கள். நம் ஹவில்தார் வேறொரு கப்பலில் அதே மாதம் வந்து இறங்கியவர். "முதலமைச்சர் வராதது கூட எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஊர்ல எங்கம்மாகிட்ட, 'உம் பையன் எத்தனை பேரைச் சுட்டான்'னு கேட்டாங்க பாருங்க, அதான்..." என்று நிறுத்திவிட்டார்.

என் வயிற்றில் புளியைக் கரைத்தது. நான் கத்திய அதே வாக்கியம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். சட்டக் கல்லூரியில் படிக்கிற எங்கள் மகன் சும்மா இருப்பானா? "அப்பா, இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. அமெரிக்காவுல என்ன நடந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்தான்.

ஈராக்கில் இறந்த ஒரு மரைன் வீரரின் இறுதிச் சடங்கு 2006 மார்ச் 10 அன்று மேரிலாந்தில் நடந்தது. வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சர்ச் என்று ஒரு சின்னக் கும்பல், பெரும்பாலும் ஒரே குடும்பத்து ஆட்கள். அவர்களில் ஏழு பேர் தட்டி பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஓரினச் சேர்க்கையை அமெரிக்கா சகித்துக்கொள்கிறது, அதற்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் சிப்பாய்களின் சாவு என்பது அவர்கள் வாதம். சிப்பாய் செத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லும் தட்டியும் அதில் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா கேஸ் போட்டார். ஜூரி ஒரு கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு தரச் சொன்னது. நீதிபதி அதை 50 லட்சமாகக் குறைத்தார். மேல்கோர்ட் மொத்தமாக ரத்து செய்ததோடு, எதிர்த்தரப்பின் கோர்ட் செலவு 16,510 டாலரை அந்த அப்பாவே கட்ட வேண்டும் என்றும் சொன்னது. 2011 மார்ச் 2-ல் சுப்ரீம் கோர்ட்டும் 8-க்கு 1 என்று சர்ச் பக்கம்தான் தீர்ப்பளித்தது. பொது விஷயத்தைப் பற்றி, பொது இடத்தில், சுமார் ஆயிரம் அடி தள்ளி, போலீஸ் சொன்ன இடத்தில் நின்று பேசினார்கள். எவ்வளவு வலித்தாலும் பேச்சைத் தண்டிக்க முடியாது என்றது தீர்ப்பு. நீதிபதி அலிட்டோ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இதுக்குப் பேர் சுதந்திரமாடா?" என்றேன்.

"இருங்கப்பா, முழுசா கேளுங்க" என்றான். அடுத்த வருஷம், 2012-ல், அங்கே பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ராணுவ இறுதிச் சடங்குக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம், 300 அடிக்குள் யாரும் கலாட்டா செய்யக்கூடாது. என்ன பேசுகிறாய் என்று சட்டம் கேட்கவில்லை. எங்கே, எப்போது என்று மட்டும் கேட்டது.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நம்மூரில் இது எப்படி?

நம் அரசியல் சாசனம் வந்த வருஷமே இரண்டு வழக்குகள். ஒன்று மெட்ராஸ், ஒன்று தில்லி. நம்மைப் போல இரண்டு ஊருக்கும் சொந்தம் உள்ளவர்களுக்காகவே நடந்த மாதிரி! 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரிப் பத்திரிகை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்றது மெட்ராஸ் அரசு. 'ஆர்கனைசர்' என்ற ஆர்.எஸ்.எஸ். சார்புப் பத்திரிகை அச்சுக்கு முன்னால் எங்களிடம் காட்ட வேண்டும் என்றது தில்லி நிர்வாகம். 1950 மே 26 அன்று இரண்டும் செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட். அரசு விடுமா? 1951 ஜூனில் முதல் திருத்தம். பொது ஒழுங்கு, அந்நிய நாட்டு நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று புதுக் காரணங்களைச் சேர்த்துப் பேச்சுக்கு வேலி போட்டார்கள். 'நியாயமான' கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்ற நல்ல வார்த்தையும் அப்போதுதான் சேர்ந்தது. 1963-ல், தி.மு.க. திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த சமயம், இறையாண்மை, ஒருமைப்பாடு என்று இன்னொரு வேலி.

இவ்வளவு வேலிக்கும் நடுவில் யாரும் கவனிக்காத ஒரு பழைய சட்டம் இருக்கிறது. 1860 இந்திய தண்டனைச் சட்டம், 297-வது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய நியாய சன்ஹிதாவில் 301. பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே சுடுகாட்டிலோ இடுகாட்டிலோ அத்துமீறினாலோ, ஈமச்சடங்குக்குக் கூடியவர்களுக்கு இடையூறு செய்தாலோ, ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஜெனரல் வீட்டுச் சாவு, கூலிக்காரர் வீட்டுச் சாவு என்ற பேதம் அதில் இல்லை. போரைத் திட்டாதே என்றும் அது சொல்லவில்லை. அழுகிறவன் பக்கத்தில் போய்க் கத்தாதே என்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஒரு வேலி போதும். நாம் என்னடா என்றால் மற்ற வேலிகளையெல்லாம் உயர்த்திவிட்டு, இதை மறந்துவிட்டோம்.

உதாரணம் நம் மதுரை. 2022 ஆகஸ்டில் ரஜௌரி முகாம் தாக்குதலில் இறந்த நம் வீரர் ஒருவரின் உடல் 13-ம் தேதி மதுரை விமான நிலையம் வந்தது. அஞ்சலி செலுத்துவதில் அமைச்சர் பி.டி.ஆர். பழனிவேல் தியாகராஜன் தரப்புக்கும் பா.ஜ.க.வினருக்கும் தகராறு. அமைச்சர் கார்மேல் செருப்பு விழுந்தது. கைது நடந்தது. பா.ஜ.க. மாவட்டத் தலைவர் அன்று இரவே அமைச்சரைச் சந்தித்து வருத்தம் சொல்லி, கட்சியை விட்டே போனார். அங்கே ராணுவத்தை வெறுத்தவர் யாருமே இல்லை. எல்லோரும் மாலை போட வந்தவர்கள்தான்! அப்படியும் மறுநாள் செய்தியில் செருப்புதான் இருந்தது, வீரர் இல்லை.

இப்போது ஹவில்தார் சொன்ன இன்னொரு விஷயம். 1999 கார்கிலுக்கு முன்னால், போரில் இறந்தவர்களைப் பெரும்பாலும் களத்துக்கு அருகிலேயே தகனம் செய்துவிடுவார்கள். வீட்டுக்குத் தந்திதான் வரும். அவருடைய நண்பர் 1987 அக்டோபரில் போனபோதும் தந்திதான். உடல் இல்லாமலே பதினாறாம் நாள் காரியம். வீட்டுக்கு எதிர்ச் சுவரில் அமைதிப்படையைத் திட்டி, 'கொலைகாரப் படையே திரும்பி வா' என்கிற ரீதியில் பெரிய போஸ்டர். பின்னால் லீவில் போனபோது நண்பரின் அப்பாவே அவரிடம் சொன்னாராம்: "ஒட்டினவன் நம்ம தெருப் பையன்தாம்பா. காரியத்தன்னிக்கு விடிகாலையில பக்கெட்டுத் தண்ணியோட வந்து அவனே நனைச்சு நனைச்சுக் கிழிச்சிட்டுப் போனான். மறுவாரம் திரும்ப ஒட்டினான். ஒட்டட்டும், அது அவன் கட்சி."

இதைக் கேட்டதும் அமெரிக்கச் சட்டம், 297 எல்லாம் எனக்கு ஒரே வரியில் விளங்கிவிட்டது. அந்தப் பையன் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளச் சொல்லி யாரும் அவனைப் பிடித்து உள்ளே போடவும் இல்லை. ஒரு நாள் ஒதுங்கி நின்றான், அவ்வளவுதான். போஸ்டர் அரசாங்கத்துக்கு. காரியம் அந்த அப்பாவுக்கு. கருணாநிதி துறைமுகத்துக்குப் போகாததும் அரசாங்கத்துக்குச் சொன்ன பதில்தான். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் நாங்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கத்தியது அந்தக் கணக்கில் வராது. தகரப் பெட்டியோடு தனியாக வீட்டுக்குப் போகிற மனிதரிடம் கத்தியது அது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹவில்தாரையும் பையனையும் கூட்டிக்கொண்டு இந்தியா கேட் பக்கத்து தேசியப் போர் நினைவகம் போனேன். 2019 பிப்ரவரி 25-ல் திறந்தது. கருங்கல் சுவர்களில் பொன்னெழுத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். இலங்கையில் இறந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கொழும்பு அருகே கோட்டேயில் அதற்கு முன்பே நினைவுச் சின்னம் எழும்பிவிட்டது என்பது வேறு விஷயம். நண்பரின் பெயரைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. பெயர்மேல் விரலை வைத்து, போட்டோ எடுக்கச் சொன்னார். ஊரில் நண்பரின் தம்பிக்கு அனுப்ப வேண்டுமாம். எடுத்து அனுப்பினேன். பஸ் ஸ்டாண்ட் விஷயத்தையும் அங்கேதான் அவரிடம் சொன்னேன். "சின்னப் பசங்கதானே தம்பி" என்றார்.

விருந்தாளிகள் ஊரிலிருந்து வந்தால் குதுப்மினார், ஆக்ரா என்று அலைகிறோமே, ஒரு தடவை இங்கேயும் கூட்டிப் போங்கள். டிக்கெட் கிடையாது. அங்கே இருக்கும்வரை கொஞ்சம் அமைதி. அந்தப் போர் சரியா, தப்பா என்று திரும்பி வரும் மெட்ரோவில் தாராளமாகச் சண்டை போடலாம். எங்கள் வீட்டில் போட்டோம், இன்னும் முடியவில்லை.