தனக்கு மட்டும் சுதந்திரம் கேட்ட பால் க்ரூகர்

1845ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் வடக்கே, ஸ்டீல்போர்ட் ஆற்றை ஒட்டிய காட்டில் ஓர் இளைஞன் காண்டாமிருக வேட்டைக்குப் போயிருந்தான். குறிபார்த்துச் சுட்டான். துப்பாக்கி கையிலேயே வெடித்தது. இடக்கைக் கட்டைவிரல் நைந்து தொங்கியது. காயம்பட்ட விலங்கு துரத்த, குதிரையேறித் தப்பி, தன் மாட்டுவண்டிக்கு வந்து சேர்ந்தான். கையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள் வீட்டார். அவன் சம்மதிக்கவில்லை. தன் பேனாக்கத்தியை எடுத்து விரலைத் தானே அறுத்து எறிந்தான். புண் அழுகத் தொடங்கியதும், ஓர் ஆட்டை அறுத்து அதன் இரைப்பைச் சூட்டுக்குள் கையை வைத்துக் கட்டினார்கள். ஆற ஆறு மாதம் ஆனது. கை பிழைத்தது.

அந்த இளைஞன்தான் பால் க்ரூகர். பின்னாளில் டிரான்ஸ்வால் குடியரசின் தலைவராக, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்றவர்.

போயர்கள், தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு உழவர்களின் வழிவந்தவர்கள். கேப் காலனி பிரிட்டிஷார் கைக்குப் போனதும், அவர்களுடைய சட்டங்களும் 1834இல் வந்த அடிமை ஒழிப்பும் பல போயர்களுக்குக் கசந்தன. மாட்டுவண்டிகளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் வடக்கே புறப்பட்டார்கள். 1825 அக்டோபர் 10 அன்று பிறந்த க்ரூகர், அந்தப் பெரும் பயணத்தில் போன சிறுவர்களில் ஒருவர். 1836இல் வேக்கோப்பில் வண்டிகளை வட்டமாக நிறுத்தி, மன்னர் மசிலிகாசியின் இண்டெபெலே படையை எதிர்த்துப் போயர்கள் போரிட்டபோது அவருக்கு வயது 11.

பள்ளிப் படிப்பு மூன்றே மாதம். அவர் ஊன்றிப் படித்தது பைபிள் ஒன்றைத்தான். தங்களைக் கடவுளே இந்த மண்ணுக்கு அழைத்து வந்தார் என்று உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கைதான் கடைசிவரை அவருடைய பலம். அதுவே அவர் கண்ணை மறைத்த திரையும்கூட.

வடக்கே போயர்கள் அமைத்த டிரான்ஸ்வாலை 1877இல் பிரிட்டன் தன்னுடன் இணைத்துக்கொண்டது. க்ரூகர் இரண்டு முறை லண்டன் போய் முறையிட்டார். பலனில்லை. 1880 டிசம்பரில் போயர்கள் ஆயுதம் எடுத்தார்கள். 1881 பிப்ரவரி 27 அன்று மஜுபா மலையுச்சியில் பிரிட்டிஷ் படை சிதறியது; அதன் தளபதி காலி என்பவர் உயிரிழந்தார். டிரான்ஸ்வாலுக்குத் தன்னாட்சி திரும்பக் கிடைத்தது. 1883இல் குடியரசுத் தலைவரான க்ரூகர், அடுத்தடுத்து நான்கு தேர்தல்களில் வென்றார். பிரிட்டோரியாவில் அவருடைய வீட்டுத் திண்ணைக்கு வெள்ளையர் யார் வேண்டுமானாலும் வந்து அவரிடம் பேச முடிந்தது.

1886இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கிடைத்தது. வெறும் புல்வெளியில் ஜோகன்னஸ்பர்க் நகரம் எழுந்தது. சுரங்கத்தை நம்பி வந்த வெளிநாட்டு வெள்ளையர்கள் வரி கட்டினார்கள், ஓட்டுரிமை கேட்டார்கள். கொடுத்தால் நாடு கைநழுவிவிடும் என்று அஞ்சிய க்ரூகர், 1890இல் ஓட்டுரிமைக்கு 14 ஆண்டுக் குடியிருப்பை நிபந்தனையாக்கினார்.

கேப் காலனியின் பிரதமர் செசில் ரோட்ஸுக்கு இது நல்ல சாக்காயிற்று. அவருடைய ஆள் ஜேம்சன், ஏறத்தாழ 500 குதிரைவீரர்களுடன் 1895 டிசம்பர் 29 அன்று எல்லை தாண்டினார். ஜோகன்னஸ்பர்க்கில் வெளிநாட்டவர் கலகம் செய்யப்போகிறார்கள் என்ற பேச்சு க்ரூகர் காதுக்கு முன்பே எட்டியிருந்தது. ஆமை தலையை வெளியே நீட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று தன் மக்களிடம் சொல்லிவைத்திருந்தார். அப்படியே நடந்தது. ஜேம்சனின் ஆட்கள் பிரிட்டோரியாவுக்குப் போகும் தந்திக் கம்பியை வெட்டாமல் விட்டதால் செய்தி உடனே பறந்தது. ஜனவரி 2 அன்று டோர்ன்கோப்பில் சுற்றி வளைக்கப்பட்டுச் சரணடைந்தார்கள். க்ரூகர் ஜேம்சனைத் தூக்கிலிடவில்லை, பிரிட்டனிடமே ஒப்படைத்தார். ஜோகன்னஸ்பர்க் சதிகாரர்களில் நால்வருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையும் தலைக்கு 25,000 பவுண்டு அபராதமாகக் குறைந்தது. ரோட்ஸ் பதவி இழந்தார். க்ரூகரின் புகழ் உச்சிக்குப் போனது.

ஆனால் இவர் கேட்ட சுதந்திரம் யாருக்கானது? தேவாலயத்திலும் அரசிலும் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் சமத்துவம் கிடையாது என்று டிரான்ஸ்வால் அரசியல் சட்டம் 1858லேயே எழுதிவைத்தது. 1885இல் வந்த மூன்றாம் எண் சட்டம், ஆசியர்களுக்குக் குடியுரிமை இல்லை என்றது. ஒதுக்கிய இடங்களுக்கு வெளியே அவர்கள் நிலம் வாங்கவும் தடை போட்டது. பிரிட்டோரியாவில், இதே க்ரூகர் வீட்டுக்கு முன்னால் நடைபாதையில் நடந்துபோன காந்தியைக் காவலர் ஒருவர் உதைத்துத் தெருவில் தள்ளினார். வெள்ளையர் எவரும் வந்து பேசக்கூடிய திண்ணை அது. இந்தியர் ஒருவருக்கு அதன் எதிரே நடக்கவும் உரிமை இருக்கவில்லை. பின்னாளில் காந்தியின் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்ட தில்லையாடி வள்ளியம்மை 1898இல் பிறந்தது க்ரூகர் ஆண்ட இந்த ஜோகன்னஸ்பர்க்கில்தான்.

1899இல் ப்ளூம்ஃபோன்டைன் மாநாட்டில் ஐந்தாண்டில் ஓட்டுரிமை வேண்டும் என்றார் பிரிட்டிஷ் ஆணையர் மில்னர். ஏழாண்டு என்பதுவரை இறங்கி வந்தார் க்ரூகர். பேச்சு முறிந்தது, அக்டோபர் 11 அன்று போர் மூண்டது. 1900 ஜூனில் பிரிட்டோரியா விழுந்தது. நோயாளியான மனைவி கெஸினாவை விட்டுவிட்டு நாட்டைவிட்டு வெளியேறிய 75 வயது க்ரூகர், ஹாலந்து அரசி அனுப்பிய கப்பலில் ஐரோப்பா போனார். மார்செய் துறைமுகத்தில் மக்கள் திரண்டு வரவேற்றார்கள். ஜெர்மன் கெய்சரோ சந்திக்கவே மறுத்தார். எந்த அரசும் படை அனுப்பவில்லை.

பிரிட்டிஷ் தளபதிகள் பண்ணைகளைக் கொளுத்திப் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தார்கள். போயர்களில் 26,000க்கும் மேற்பட்டோர் அங்கே மடிந்தார்கள். கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள். அங்கே இறந்தோர், பதிவான கணக்கிலேயே 14,000க்கு மேல். பிடிபட்ட போயர் வீரர்களை இலங்கையின் தியத்தலாவை வரை கொண்டுபோய்ச் சிறைவைத்தார்கள்.

கெஸினா 1901இல் பிரிட்டோரியாவிலேயே இறந்தார். க்ரூகர் நாடு திரும்பவே இல்லை. 1904 ஜூலை 14 அன்று சுவிட்சர்லாந்தில் காலமானார். அவர் உடல் மட்டும் பிரிட்டோரியா வந்தது.

போரை முடித்துவைத்த 1902 சமாதான ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு, ஆப்பிரிக்கர்களுக்கு ஓட்டுரிமை பற்றிய பேச்சை வெள்ளையர் தன்னாட்சி பெறும்வரை தள்ளிவைத்தது. இந்தியர் படும் துன்பத்தையும் போருக்கு ஒரு காரணமாகச் சொன்ன பிரிட்டன், ஜெயித்தபின் அதே 1885 சட்டத்தை வைத்துக்கொண்டது. போதாதென்று புதிய கெடுபிடிகளையும் சேர்த்தது. க்ரூகரின் துணிச்சல் பெரிது, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியும் பெரிது. இரண்டையும் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: அடுத்தவனுக்கு மறுத்துவிட்டுத் தனக்கு மட்டும் கேட்கும் சுதந்திரம், வெறும் சலுகைதான். போரிட்ட இரண்டு தரப்பும் அந்தச் சலுகைக்காகத்தான் மோதின. கடைசியில் அதைப் பங்குபோட்டுக்கொண்டுதான் கை குலுக்கின.