மெல்ல வந்த சாமியார்

லஸ் கார்னரில் ஆரம்பித்து கச்சேரி ரோடு வழியாகக் கிழக்கே நடந்தால் நேராக சாந்தோம். இருபது நிமிஷ நடைதான். சாயங்கால வேளையில் ஆட்டோ பிடித்தால் அதைவிட அதிகம் ஆகும். நாமோ ஆட்டோதான் பிடிப்போம். பிடித்துவிட்டு, முன்னால் நிற்கும் பஸ்ஸின் முதுகைப் பார்த்தபடி, 'சீக்கிரம் போப்பா' என்போம்.

இந்தச் சாலை முடிகிற இடத்தில், இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ஒரே காலத்தில் அல்ல. இருவருக்கும் நடுவில் நூறு வருஷம். இரண்டு பேருமே பாதிரியார்கள், இரண்டு பேருமே ஏசு சபை. முதலாமவர் வேகம் என்றால் அப்படியொரு வேகம். இரண்டாமவர் அதற்கு நேர் எதிர்.

முதல் ஆளை உங்களுக்குத் தெரியும். பிரான்சிஸ் சேவியர். அவர் பெயரில் கல்லூரியே இருக்கிறது, பாளையங்கோட்டையில். 1542-ல் கோவாவில் வந்து இறங்கினார். அதே வருஷம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் என்று கடலோரம் முழுக்க நடை. கையில் ஒரு மணி. அடித்துக்கொண்டே தெருவில் போவார், பிள்ளைகள் கூடும், ஜெபங்களைச் சொல்லித் தருவார். தமிழ் தெரிந்த சிலரை வைத்து மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்துவைத்த ஜெபங்கள். 1544 கடைசியில் திருவாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு மாதத்தில் பத்தாயிரம்! நான் பி.காம். படித்தவன். உடனே முப்பதால் வகுத்துப் பார்த்துவிட்டேன். நாளொன்றுக்கு முன்னூற்றுச் சொச்சம்.

ஆனால் அந்த வேகத்தில் ஒரு சின்னப் பிசகு நடந்தது. 'நான் விசுவசிக்கிறேன்' என்று ஆரம்பிக்கிற பிரார்த்தனையை மொழிபெயர்த்த ஆசாமிகள், 'எனக்கு வேணும்' என்று போட்டுவிட்டார்கள். ஊர் ஊராக ஜனங்கள் கடவுளிடம் 'வேணும் வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் சேவியர் பதறிப்போய், சக ஊழியர் மன்சில்ஹாஸுக்குக் கடிதம் எழுதினார், அந்த வார்த்தையை உடனே மாற்றச் சொல்லி.

1545-ல் மயிலாப்பூர் வந்தார். ஏசுவின் சீடர் தோமா அடக்கமான இடம் இதுதான் என்பது நம்பிக்கை. அந்தக் கல்லறைப் பக்கத்தில் சுமார் நாலு மாதம் தங்கி, ஜெபம் செய்து, அடுத்து என்ன என்று யோசித்தார். அடுத்து மலாக்கா. பிறகு ஜப்பான். கடைசியில் சீனாவின் வாசலில் ஒரு தீவில், 1552-ல், நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். இந்தியாவுக்கு வந்து பத்தே வருஷம்.

சரி, இப்போது இரண்டாமவர்.

ராபர்ட் டி நொபிலி. 1577-ல் ரோமில் பிறந்தவர். பெரிய இடத்துப் பிள்ளை. கர்தினால் பெல்லார்மினுக்கு உறவு. (பின்னாளில் கலிலியோவைக் கூப்பிட்டு, 'பூமி சுற்றுகிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே' என்று எச்சரித்த அதே பெல்லார்மின்தான்.) 1605-ல் கோவா. பிறகு முத்துக்குளித்துறையில் சில மாதம் உட்கார்ந்து தமிழ் படித்தார். 1606 கடைசியில் மதுரை.

மதுரையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியர். முன்னாள் சிப்பாய். 1595-லிருந்து அங்கேயே இருந்தார். சின்னதாக ஒரு மருத்துவமனை, ஒரு பள்ளிக்கூடம். ஊர் ஜனங்களுக்கு அவர்மேல் கோபமில்லை, மரியாதைகூட உண்டு. ஆனால் பதினோரு வருஷத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர்கூட மதம் மாறவில்லை. பாலன்ஸ் ஷீட்டில் முட்டை.

ஏன்? நொபிலி விசாரித்தார். பதில் ஒரே வார்த்தை: 'பரங்கி'.

பரங்கி என்றால் மாட்டுக்கறி சாப்பிடுகிறவன், குடிக்கிறவன், ஒழுங்காகக் குளிக்காதவன். பெர்னாண்டஸுக்கு இந்தச் சொல்லின் நாற்றமே தெரியவில்லை. அது தன் ஜாதியின் பெயர், அதில் என்ன தப்பு என்று நினைத்தார். 'பரங்கிக் குலத்தில் சேருகிறாயா?' என்று கேட்டுத்தான் ஆட்களையே சேர்த்துக்கொண்டிருந்தார்கள்! பூசையைக் குறிக்கும் 'மிசா' என்ற லத்தீன் சொல், தமிழர் காதில் 'மீசை' என்று விழுந்ததாகவும் சொல்வார்கள். மீசை பார்க்க எவன் வருவான்?

நொபிலி செய்த முதல் காரியம், எதையும் செய்யாமல் இருந்தது. பிராமணர்கள் வசிக்கும் பகுதியில் ஒரு சின்னக் குடிசை போட்டார். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி. காலில் பாதக்குறடு, நெற்றியில் சந்தனம். ஒரு வேளைதான் சாப்பாடு. சோறு, காய்கறி, பால். கறி, மீன், முட்டை, ஒயின் எல்லாவற்றுக்கும் முழுக்கு. ரோமில் வளர்ந்த நாக்கு, பாவம்.

சேவியர் மணி அடித்துக்கொண்டு தெருவில் போனார். நொபிலி வெளியிலேயே வரவில்லை. பார்க்க வந்தவர்களுக்கும் உடனே தரிசனம் கிடைக்காது. 'சுவாமி தியானத்தில் இருக்கிறார்.' இன்னொரு நாள் வந்தால், 'சுவாமி படித்துக்கொண்டிருக்கிறார்.' இரண்டு, மூன்று தடவை வந்தவர்தான் உள்ளே போக முடியும். இது பந்தா இல்லையா என்று கேட்கலாம். கொஞ்சம் பந்தாதான். ஆனால் நம் ஊரில் குரு என்பவர் தேடிக்கொண்டு வரமாட்டார், நாம்தான் தேடிப்போக வேண்டும். அந்த இலக்கணத்தை அந்த மனிதர் பிடித்துவிட்டார்.

உள்ளே நிஜமாகவே படிப்புதான். தமிழ், தெலுங்கு, பிறகு சமஸ்கிருதம். சிவதர்மா என்ற பிராமணர் சொல்லிக்கொடுத்தார். அந்நியன் ஒருவனுக்கு வேதம் சொல்லித் தருவது அந்தக் காலத்தில் லேசுப்பட்ட காரியமல்ல. வேதங்களை மூலமொழியிலேயே படித்த முதல் ஐரோப்பியர்களில் ஒருவர் என்ற பெயர் நொபிலிக்கு வந்தது இவரால்தான். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருபது நாள் வந்து வாதம் செய்தார். தினமும் நாலைந்து மணி நேரம். மறுபிறவி உண்டா இல்லையா, உலகம் எதிலிருந்து வந்தது என்று. இருபதாவது நாளுக்கு அப்புறம் அவர் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். இருபது நாளில் ஒரே ஒரு ஆள். சேவியராக இருந்தால் அதே இருபது நாளில்... வேண்டாம், மறுபடியும் வகுக்கவில்லை.

இப்படியே போயிருந்தால் கதை சுகமாக முடிந்திருக்கும். 1610-ல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பூணூல் என்ன, சந்தனம் என்ன, குடுமி என்ன, இந்த ஆள் கிறிஸ்தவரா இல்லையா? அன்றைய தபால் கப்பலில் போகும். மதுரையிலிருந்து கோவா, கோவாவிலிருந்து லிஸ்பன், அங்கிருந்து ரோம். பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும். முதலில் பெல்லார்மினே கோபமாகத்தான் எழுதினார். பிறகு நொபிலியின் விளக்கங்களைப் படித்து மனம் மாறினார். 1619-ல் கோவாவில் பஞ்சாயத்து. தீரவில்லை. 1623 ஜனவரியில்தான் போப் பதினைந்தாம் கிரிகோரியின் தீர்ப்பு வந்தது. பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சில நிபந்தனைகளோடு இருக்கலாம்.

பதிமூன்று வருஷம்! மேலே ஒரு வழக்கு தொங்கிக்கொண்டிருக்க, நடுவில் கைகளைக் கட்டிப்போட்ட உத்தரவுகள் வர, இந்த மனிதர் எழுதிக்கொண்டிருந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் என்று அவருடைய நூல்களைப் பற்றிச் சொல்லும்போது, தமிழ் உரைநடையின் முன்னோடிகளில் ஒருவர் என்பார்கள். இன்றைக்கு அந்தத் தமிழைப் படிக்க ஆரம்பித்தால் வடமொழி பல்லை உடைக்கும், அது வேறு விஷயம். ஊர் அவருக்கு வைத்த பெயர் தத்துவபோதகர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. நொபிலியின் நிதானம் எல்லோருக்குமானது அல்ல. மேல்ஜாதிக்காரர்கள் வரவேண்டும் என்பதற்காக பெர்னாண்டஸிடமிருந்தே அவர் தள்ளி நின்றார். தாழ்த்தப்பட்ட ஜாதியிலிருந்து வந்தவர்களுக்குத் தனி இடம். ஜாதி என்பது சமூகப் பழக்கம், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வாதாடினார். அவருடைய குடிசை வாசலில் அவர்களும் காத்திருந்தார்கள். 'இரண்டு மூன்று தடவை' அல்ல, வருஷக்கணக்கில். 1640-ல்தான் பல்தசார் டா கோஸ்டா என்ற பாதிரியார் 'பண்டாரசாமி' வேஷத்தில், எல்லா ஜாதிக்காரர்களோடும் பழகலாம் என்ற ஏற்பாட்டோடு இறங்கினார். நொபிலி மதுரைக்கு வந்து அப்போது முப்பத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகு கூட்டம் அந்தப் பக்கம்தான் போனது. என்னைக் கேட்டால், அதே மதுரையில் பதினோரு வருஷம், யாரும் மாறாவிட்டாலும் பரவாயில்லை என்று வந்தவருக்கெல்லாம் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த முன்னாள் சிப்பாயும் பொறுமைசாலிதான். அவரை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

அதே 1640-ல் நொபிலியை மதுரையில் சிறையில் போட்டார்கள். விடுதலையான சில வருஷங்களில், வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்று சபை அவரை மதுரையைவிட்டே நகர்த்தியது. முதலில் யாழ்ப்பாணம், பிறகு மயிலாப்பூர்.

மயிலாப்பூர் என்றால் அப்போது போர்த்துக்கீசியரின் சாந்தோம். மதில் சூழ்ந்த ஊர். உள்ளே மாதா கோயில்கள், பாதிரிமார் வீடுகள், நல்ல சாப்பாடு. கிழவர் உள்ளே தங்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு மண் குடிசையில் இருந்தார். அதே காவி, அதே ஒரு வேளைச் சோறு. கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. கூட இருந்த சில சீடர்களை எழுதச் சொல்லி, பழைய நூல்களையெல்லாம் வரிவரியாகத் திருத்திக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிய பார்வையற்ற மனிதர், நாற்பது வருஷத்துக்கு முன் எழுதியதில் ஒரு சொல் சரியில்லை என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வாராவாரம் புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு இந்தப் பக்கத்தை அடித்துப்பிடித்து அனுப்புகிறவன். இந்த இடத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

வடக்கே சில மைல் தள்ளி, இங்கிலீஷ்காரர்கள் 1640-லேயே ஜார்ஜ் கோட்டையில் கடை விரித்திருந்தார்கள். அங்கே துணி மூட்டைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் சுறுசுறுப்பு. 1656 ஜனவரி 16-ம் தேதி நொபிலி இறந்துபோனார். வயது எழுபத்தெட்டு. இந்தியாவுக்கு வந்து ஐம்பது வருஷம். அடுத்த ஆறே வருஷத்தில், 1662-ல், கோல்கொண்டா படை வந்து சாந்தோமைப் பிடித்துக்கொண்டது.

1968-ல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாவில் வரிசையாகச் சிலை வைத்தார்கள். பாதிரியார்களில் வீரமாமுனிவருக்கு உண்டு, கால்டுவெல்லுக்கு உண்டு, போப்புக்கு உண்டு. இந்த ஊரிலேயே செத்துப்போன நொபிலிக்கு இல்லை. அந்தக் குடிசை எந்தத் தெருவில் இருந்தது என்று மயிலாப்பூரில் கேட்டுப் பாருங்கள், யாராலும் கைகாட்ட முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை சாந்தோம் பக்கம் போயிருந்தேன். தமிழ்ப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பூ விற்கிற அம்மாள் இன்னொரு அம்மாளிடம் கேட்டார்: "என்னக்கா, பூசை முடிஞ்சுதா? சாமி இன்னும் கோயிலுக்குள்ளதான் இருக்காரா?"

பூசை, சாமி, கோயில். மீசை என்று யாரும் சொல்லவில்லை.