தன் மூச்சில் ஓடிய எஞ்சின்



இன்றைய பேச்சை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். 1958ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்னும் சிறிய மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. நம் தோட்டத்து லயங்களில் வாசலுக்கு வாசல் நின்ற 'ஹோண்டா கப்' வண்டிகளுக்கெல்லாம் அதுதான் மூத்த அண்ணன். அதன் எஞ்சினின் கொள்ளளவு வெறும் 49 சி.சி. ஆனால் அது தன் முழுச் சக்தியான நாலரைக் குதிரைச் சக்தியைக் கொடுக்கும்போது நிமிடத்துக்கு 9,500 முறை சுற்றியது. அதே காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய மொரிஸ் மைனர் காரோ, 948 சி.சி. எஞ்சினை வைத்துக்கொண்டு 4,750 சுற்றோடு நின்றுவிட்டது. சிறியது அவ்வளவு சுற்றும்போது பெரியது ஏன் சுற்றவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஒரு நல்ல சரித்திரம் கிடைக்கும்.

முதலில் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது. மேலே ஏறும்போது அதை அமுக்குகிறது. தீப்பொறி பட்டதும் அது எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் ஏறும்போது புகை வெளியேறுகிறது. இந்த நான்கு அசைவுகளில் ஒன்றுதான் நமக்கு உழைக்கிறது. மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்கான ஆயத்தம்.

அப்படியானால் சக்தியைக் கூட்டுவதற்கு மூன்று வழிகள் உண்டு. சிலிண்டரைப் பெரிதாக்கலாம். கொல்லன் உலையில் துருத்தி ஊதுவதுபோல, ஒரு விசிறியை வைத்துக் காற்றை உள்ளே பலவந்தமாகத் திணிக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால், எஞ்சினை அதன் சொந்த மூச்சிலேயே விட்டு, நிமிடத்துக்கு அதிக முறை உழைக்க வைக்கலாம். இந்த மூன்றாவது வழியில் சென்றவர்களின் கதைதான் இது.

இங்கிலாந்தில் இந்த வழி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. அடைத்தது விஞ்ஞானம் அன்று, வரி! அந்நாட்டில் 1910ஆம் ஆண்டு முதல் காரின் 'குதிரைச் சக்தி'யை ஒரு சூத்திரத்தால் கணக்கிட்டார்கள். சிலிண்டரின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி, இரண்டரையால் வகுக்க வேண்டும். 1921 முதல் அந்தக் கணக்குப்படி ஒரு குதிரைச் சக்திக்கு ஆண்டுக்கு ஒரு பவுன் வரி. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதைச் சூத்திரம் கேட்கவே இல்லை.

பிறகு என்ன நடக்கும்? எடைக்குக் கூலி என்றால் வேலைக்காரர் கண் தராசின் மேல் இருக்கும். குறுக்களவுக்கு வரி என்றால் கார் செய்பவர் கண் குறுக்களவின் மேல் இருக்கும். ஒல்லியான சிலிண்டரும் நீண்ட ஏற்ற இறக்கமும் கொண்ட எஞ்சின்களையே அவர்கள் செய்தார்கள். போருக்குப்பின், 1948ஆம் ஆண்டோடு அந்த வரி முறை ஒழிந்தது. ஆனால் வரி போனாலும் பழக்கம் உடனே போகவில்லை. மொரிஸ் மைனரின் சிலிண்டர் குறுக்களவு 62.9 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரமோ 76.2 மில்லிமீட்டர்.

1959ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் இங்கிலாந்தில் புதிய அங்கிலியா காரை வெளியிட்டது. ஃபோர்டு என்ற பெயர் நமக்கு அந்நியமன்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது புக்கிட் தீமாவிலிருந்த ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில்தான். அங்கிலியாவின் பின்கண்ணாடி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் உண்மையான புதுமை முன்பக்கத்து மூடிக்குக் கீழே இருந்தது. 997 சி.சி. கொண்ட அந்த எஞ்சினின் குறுக்களவு 80.96 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 48.41 மில்லிமீட்டர் மட்டுமே. பழைய வரிச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். மைனருக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கிலியாவுக்குப் பதினாறுக்கு மேல்! கொள்ளளவில் ஏறக்குறைய சமமான இரண்டு எஞ்சின்களில் ஒன்றுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் வரி. வரி இருந்திருந்தால் இந்த எஞ்சின் பிறந்திருக்குமா என்பதே சந்தேகம்தான்.

இப்பொழுது இன்னொரு கணக்கு. வீட்டில் ஐந்தாம், ஆறாம் ஆண்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் பென்சிலை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு சுற்றில் பிஸ்டன் ஒரு முறை இறங்கி ஒரு முறை ஏறும். ஆகவே நகரும் தூரத்தை இரண்டால் பெருக்கி, விநாடிக்கு எத்தனை சுற்று என்பதாலும் பெருக்கினால் பிஸ்டனின் சராசரி வேகம் கிடைக்கும். மொரிஸ் மைனர் 4,750 சுற்றில் ஓடும்போது அந்த வேகம் விநாடிக்குச் சுமார் 12 மீட்டர். அங்கிலியாவின் பிஸ்டன் அதே 12 மீட்டர் வேகத்தை எட்ட எத்தனை சுற்று வேண்டும்? 7,500! ஒருவர் நீண்ட அடி வைத்து நடக்கிறார். மற்றவர் குட்டை அடி வைக்கிறார். இருவரும் ஒரே வேகத்தில் போனால் குட்டை அடி வைப்பவர் அதிக முறை கால் எடுத்து வைப்பார். ஹோண்டா கப் 9,500 சுற்றியதன் இரகசியமும் இதுதான். அதன் பிஸ்டன் நகர்ந்த தூரம் 39 மில்லிமீட்டர்.

இந்த வாய்ப்பைக் கண்டுகொண்டவர்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவர் கீத் டக்வொர்த். 1933ஆம் ஆண்டில் லங்காஷயரின் பிளாக்பர்ன் நகரில் பிறந்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பொறியியல் படித்தவர். மற்றவர் மைக் காஸ்டின். விமானத் தொழிற்சாலையில் தொழில் பழகியவர். இருவரும் லோட்டஸ் கார் நிறுவனத்தில் சந்தித்தார்கள். 1958ஆம் ஆண்டில் தங்கள் பெயர்களின் பாதிகளை இணைத்து 'காஸ்வொர்த்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். காஸ்டின் 1962 வரை லோட்டஸ் வேலையை விட முடியாத ஒப்பந்தத்தில் இருந்ததால், தொடக்கத்தில் பட்டறையைப் பார்த்துக்கொண்டவர் டக்வொர்த்தான்.

அப்பொழுது 'ஃபார்முலா ஜூனியர்' என்ற பந்தயம் பிரபலமாகிக்கொண்டிருந்தது. பணக்காரர் அல்லாத இளம் ஓட்டுநர்களும் பங்கேற்கவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பந்தயம் அது. சாதாரணமாக விற்பனையாகும் காரின் எஞ்சினைத்தான் பயன்படுத்தவேண்டும், 1,100 சி.சி.க்கு மேல் போகக்கூடாது. டக்வொர்த் அங்கிலியா எஞ்சினைத் தேர்ந்தெடுத்தார்.

கடையில் விற்ற அங்கிலியாவின் சக்தி 5,000 சுற்றில் 39 குதிரைச் சக்தி. தள்ளும் வலிமை மாறாமல் சுற்றை மட்டும் 7,500 ஆக்கினால் 58 கிடைக்கும். ஆனால் டக்வொர்த்தின் எஞ்சின் தொடக்கத்திலேயே ஏறத்தாழ 75 குதிரைச் சக்தி கொடுத்தது! மிச்சம் எங்கிருந்து வந்தது? மூச்சிலிருந்து வந்தது. 7,500 சுற்றில் ஒரு பிஸ்டன் காற்றை இழுக்கக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியின் 250இல் ஒரு பங்கு. ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 62 முறை திறந்து மூட வேண்டும். வால்வை எப்பொழுது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதை முடிவு செய்வது கேம் தண்டின் மேட்டு வடிவம். அந்த வடிவத்தை டக்வொர்த் தாமே கணக்கிட்டு அமைத்தார்.

1960 மார்ச் மாதம் குட்வுட் பந்தயத் தடத்தில், ஸ்காட்லாந்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான ஜிம் கிளார்க் இந்த எஞ்சின் பூட்டிய லோட்டஸ் காரை ஓட்டி வெற்றி பெற்றார். பிறகு இங்கிலாந்துப் பந்தயக்காரர்கள் பலரும் காஸ்வொர்த் பட்டறையைத் தேடி வந்தார்கள். சில ஆண்டுகளில் 1,100 சி.சி. எஞ்சின்கள் நூறு குதிரைச் சக்தியையும் தாண்டின.

நேயர்களே, இன்றும் பல நாடுகளில் பழைய அங்கிலியாவை வாங்கிப் புதுப்பித்து, அதில் அதிகச் சுற்றுள்ள எஞ்சினைப் பூட்ட ஆசைப்படுவோர் இருக்கிறார்கள். அவர்கள் எந்த வரிசையில் திட்டமிட வேண்டும் என்பதை டக்வொர்த்தின் கதையே கற்றுக் கொடுக்கிறது.

முதலில், வண்டி எதற்கு என்று தீர்மானிக்க வேண்டும். பந்தயக் கேம் தண்டு வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும். அதிகச் சுற்றில் வேகமாக வரும் காற்று, வாய்க்காலில் பாய்ந்துவரும் நீர்போலத் தன் வேகத்தாலேயே உள்ளே நிறையும். குறைந்த சுற்றிலோ அந்த வேகம் இல்லாததால் உள்ளே வந்த காற்றுத் திரும்பிப் போகும். எஞ்சின் திக்கித் திணறும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறவேண்டிய காருக்கு அது ஆகாது.

இரண்டாவதாக, எத்தனை சுற்று என்பதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். 5,000 சுற்றிலிருந்து 7,500க்குப் போனால் சுற்று ஒன்றரை மடங்குதான். ஆனால் பிஸ்டனைப் பிடித்து இழுக்கும் தண்டின் மேல் விழும் விசை, ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிய அளவு, அதாவது இரண்டேகால் மடங்கு ஆகிறது. 10,000 சுற்றென்றால் நான்கு மடங்கு! ஆகவே பிஸ்டன் இலேசாக இருக்கவேண்டும். தண்டும் அதன் போல்டுகளும் வலுவாக இருக்கவேண்டும். நான்கு பிஸ்டன்களின் எடையும் கிராம் கணக்கில் ஒத்திருக்கவேண்டும். அங்கிலியாவின் கிராங்க் தண்டைத் தாங்குபவை மூன்று பேரிங்குகளே என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்றாவதாகத்தான் மூச்சு. கார்புரேட்டர், காற்று போகும் துளைகள், வால்வு, கேம் தண்டு, புகைக்குழாய் ஆகிய ஐந்தும் ஒரே பாதை. நான்கை அகலமாக்கி ஒன்றைக் குறுகலாக விட்டால் செலவு வீண். வால்வு ஸ்பிரிங் பலவீனமாக இருந்தாலோ, வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து அதன்மேல் மோதிவிடும். கடைசியாக எண்ணெய். சுற்று கூடக்கூடச் சூடும் கூடும். எண்ணெய் ஒரு கணம் எட்டாமல் போனாலும் பேரிங் உருகிவிடும்.

காஸ்வொர்த் அங்கிலியாவோடு நிற்கவில்லை. ஃபோர்டு நிறுவனம் ஒரு இலட்சம் பவுன் கொடுத்து, உலகின் உச்சப் பந்தயமான ஃபார்முலா ஒன்றுக்கு எஞ்சின் செய்யச் சொன்னது. மூன்று லிட்டர், எட்டுச் சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வு, 9,000 சுற்றில் சுமார் 400 குதிரைச் சக்தி. 1967 ஜூன் 4ஆம் நாள் ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட் நகரில் முதன்முதலாக ஓடிய பந்தயத்திலேயே அது வென்றது. ஓட்டியவர் அதே ஜிம் கிளார்க். 1983க்குள் அந்த எஞ்சின் குடும்பம் 155 பெரும் பந்தயங்களை வென்றது. பின்னர் காற்றைத் திணிக்கும் டர்போ எஞ்சின்கள் அதை முந்தின. 1999 முதல் 2017 வரை நம் சிப்பாங்கில் நடந்த பந்தயங்களிலும், 2013 வரை ஓடியவை சொந்த மூச்சு எஞ்சின்கள்தாம். 2007இல் அவற்றுக்கு 19,000 சுற்று என்று வரம்பு கட்டவேண்டியிருந்தது.

இந்தச் சரித்திரத்தில் ஒரு துயரமும் உண்டு. 1968 ஏப்ரல் 7ஆம் நாள் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் ஜிம் கிளார்க்கின் கார் மரங்களில் மோதி அவர் உயிரிழந்தார். இரண்டு முறை உலக வெற்றியாளர் ஆன அவருக்கு அப்பொழுது வயது 32. காவலும் மருத்துவரும் உள்ள பந்தயத் தடத்திலேயே இந்த நிலை என்றால், இரவில் பொதுச்சாலையில் மோட்டார் சைக்கிளை முறுக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்வது? புகைக்குழாயை அறுத்துச் சத்தத்தைக் கூட்டினால் சக்தி கூடிவிடாது. வண்டி வேகமாகப் போகும். பிரேக்கும் டயரும் பழையபடியே இருக்கும். அதற்குப் பெயர் துணிச்சல் அன்று, கணக்குத் தெரியாமை.

ஆனால் எஞ்சின்மேல் ஆசை வைத்த பிள்ளையைப் பெற்றோர் வெறுமனே கடிந்துகொண்டால் மட்டும் போதாது. கையில் கிரீஸ் அப்பிய பையன் உருப்படமாட்டான் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அதே பையன், பட்டறைக்குப் போகிறவனுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கிறான். இரண்டுக்கும் டக்வொர்த் பதில் சொல்கிறார். அவர் கையில் ஸ்பேனரும் இருந்தது, பென்சிலும் இருந்தது. ஸ்பேனர் மட்டும் தெரிந்தவர் இன்னொருவர் செய்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவார். பென்சிலும் தெரிந்தவர் புதிதாக ஒன்றைச் செய்வார். நான் மேலே சொன்ன கணக்குகளில் பெருக்கலையும் வகுத்தலையும் தவிர வேறெதுவும் இல்லை. அவை நம் தோட்டப் பள்ளியில் கற்பிக்கப்படுபவையே.

எஞ்சினுக்கு ஆசைப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அவன் ஏறும் மோட்டார் சைக்கிளின் பிஸ்டன் எவ்வளவு தூரம் நகர்கிறது, எத்தனை சுற்றில் முழுச் சக்தி தருகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு அதன் வேகத்தைக் கணக்கிட்டு உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தொழிற்பள்ளிக்கு விண்ணப்பிக்கும் நாள் வரும்போது அந்தக் கணக்கு நோட்டுப் புத்தகம் அவனுக்குத் துணை நிற்கும்.