பிரித்துச் சேர்க்கும் கலை: கிரெமோனாக் கருவிகளின் ஆயுளில் பழுதுபார்ப்போரின் பங்கு

அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1737இல் மறைந்தார். இத்தாலியின் கிரெமோனா நகரில் அவர் செய்த வயலின்களும் செல்லோக்களும் இன்றும் மேடையில் வாசிக்கப்படுகின்றன. இந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம் தேடிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: அந்தப் பட்டறையின் ரகசியம் என்ன? வார்னிஷா, மரமா, மரத்தை ஊறவைத்த மருந்தா? கேள்வியே இடம் தவறியது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. இன்று நம் காதில் விழுவது ஸ்ட்ராடிவாரி முடித்துக் கொடுத்த கருவி அன்று. அவருக்குப் பின் பல தலைமுறைப் பழுதுபார்ப்போர் திருத்தியும் மாற்றியும் காத்தும் வந்த கருவி. அப்படித் திருத்த இடம் கொடுத்தது அதன் கட்டுமானம். ஆகவே அந்த ஒலியின் புகழைச் செய்தவர் பெயரில் மட்டும் எழுதிவைப்பது பாதி வரலாறே ஆகும்.

முதலில் கட்டுமானத்தைப் பார்ப்போம். வயலினின் மேல்பலகை ஸ்புரூஸ் மரம். அடிப்பலகையும் பக்கப்பட்டிகளும் கழுத்தும் மேப்பிள். இவற்றை இணைப்பது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசை. ஈரமும் சூடும் பட்டால் இப்பசை மறுபடி இளகும். உலர்ந்து இறுகிய நிலையில் மெல்லிய கத்தி நுழைந்தால் மரத்தைப் பிய்க்காமல் தானே நொறுங்கி விலகும். மேல்பலகையை ஒட்டும்போது பசையில் நீரைக் கூட்டி, அதன் பிடியை வேண்டுமென்றே குறைத்துக்கொள்வது தொழில் வழக்கம். வறண்ட காலத்தில் பலகை குறுக்குவாட்டில் சுருங்கும்போது ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையேல் பலகை பிளக்கும். விட்டுப்போன ஒட்டை ஒரு மணி நேரத்தில் சரிசெய்யலாம், பிளந்த பலகைக்குப் பல நாள் வேலை. உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட், தந்திகளைத் தாங்கும் குதிரை, தலையிலுள்ள பிருடைகள் எதிலும் பசையே இல்லை. அழுத்தமும் உராய்வும்தான் அவற்றை நிறுத்துகின்றன. வில்லிலும் இதே முறைதான்: குதிரைமயிர்க் கற்றையைத் தலையிலும் அடியிலும் பிடித்திருப்பவை சிறு மர ஆப்புகள். மயிர் தேய்ந்ததும் ஆப்பைக் கழற்றிப் புதுக் கற்றையைக் கட்டிவிடலாம். எது தேயுமோ, எது உடையுமோ, அது கழற்றக் கூடியதாக இருக்கிறது.

இவ்வமைப்பு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு ஒரு பழுதைக் கிட்டத்தில் பார்ப்பது போதும். சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்தில் பலகை விரிசல் விடுவது வயலினுக்கு நேரும் பெரிய காயங்களில் ஒன்று. இடைவிடாத அழுத்தம் இருக்கும் இடமாதலால் வெறும் ஒட்டு அங்கே நிற்காது. பழுதுபார்ப்பவர் பலகையைக் கழற்றி, அதன் வெளிப்புற வளைவுக்கு ஒரு பிளாஸ்டர் அச்சு எடுத்து, பலகையை அதில் படுக்கவைப்பார். விரிசலைக் கழுவி ஒட்டியபின், உட்புறத்தில் ஆழமில்லாத கிண்ணம்போல் மரத்தைக் குடைவார். அந்தக் குழியில் சாக்பீஸ் பூசி, புது ஸ்புரூஸ் துண்டை வைத்து அழுத்தி எடுத்தால், தொடும் இடங்களில் மட்டும் வெண்மை ஒட்டும். அதைச் சீவி மறுபடி வைப்பார். துண்டின் பரப்பு முழுவதும் ஒரே சீராக வெளுக்கும்வரை இது நடக்கும். பிறகே பசை. பழைய மரத்தின் ரேகையும் புதியதன் ரேகையும் ஒரே திசையில் ஓட வேண்டும். கருவியைச் செய்யும் கைத்திறனுக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆனால் இதைச் செய்தவரின் பெயர் கருவியின் லேபிளில் இருப்பதில்லை.

பழுது நீக்கியதோடு இவர்கள் நின்றுவிடவுமில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரங்குகள் பெரிதாயின. தந்தியின் இழுவிசையும் வாசிப்பின் எல்லையும் கூடின. ஸ்ட்ராடிவாரி காலத்துக் கழுத்து குட்டையானது. உள்ளிருந்து ஆணி அடித்துப் பொருத்தப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் அவருடைய வயலின்களுக்கு நீண்ட, பின்சாய்ந்த கழுத்தும், மேல்பலகையின் அடியில் முன்னைவிட வலுவான பேஸ் பாரும் வந்து சேர்ந்தன. மிலானில் கருவி செய்வோரான மாந்தெகாத்சா சகோதரர்கள், வயலின் சேகரிப்பாளரான கோஸியோ பிரபுவுக்காக இவ்வேலையைச் செய்தார்கள். மாறாமல் எஞ்சியவற்றைத் தேடினால் ஓர் உண்மை தெரியவரும். மெடிச்சி குடும்பத்துக்காக 1690இல் ஸ்ட்ராடிவாரி செய்த டெனார் வயோலா பழைய கழுத்தோடு ஃபுளோரன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தோளில் வைத்து வாசிக்கக் கடினமான அளவுக்குப் பெரிதாக இருந்தது அது தப்பியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். புத்தம்புதிதுபோல் இருப்பதாகப் புகழப்படும் 1716ஆம் ஆண்டின் ‘மெசையா’ வயலினோ ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டியில் உள்ளது. அதற்கும் பாரிஸில் வயலின் செய்பவரான வில்லோம் கழுத்தை நீட்டினார், பேஸ் பாரை மாற்றினார். ஒலித்துக்கொண்டிருப்பவை மாற்றப்பட்டவை, மாறாதவை மௌனமாக இருக்கின்றன.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு, மரமும் வார்னிஷும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன, மற்றவை துணைக் காரணங்கள் என்பது. ஸ்ட்ராடிவாரியின் ஐந்து கருவிகளின் வார்னிஷை ஆராய்ந்து எஷார்ட் குழுவினர் 2010இல் வெளியிட்ட முடிவில் தென்பட்டவை உலரும் எண்ணெய், பைன் பிசின், சில நிறமிகள். அக்கால ஓவியர்களும் தச்சர்களும் அறிந்த பொருள்களே இவை. கிளாடியா ஃபிரிட்ஸ், ஜோசஃப் கர்ட்டின் முதலியோர் 2012இல் பாரிஸில் நடத்திய சோதனையில், பத்து தனிக்கச்சேரிக் கலைஞர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு ஆறு பழைய வயலின்களையும் ஆறு புதியவற்றையும் வாசித்துப் பார்த்தார்கள். அவர்களில் ஆறு பேர் தமக்குப் பிடித்ததாகத் தேர்ந்தது புதிய வயலினை. மரத்தில் வேதிப்பொருள் ஏற்றப்பட்டிருந்ததற்கான சான்றுகளும் உண்டு. அவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆயினும் எவராலும் எட்ட முடியாத ஒலி அவற்றால் மட்டுமே வாய்த்தது என்ற கூற்று இச்சோதனைகளுக்கு முன் நிற்பதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலியது: பழுதுபார்ப்போரின் கைதான் காரணம் என்றால், அதே கை பட்ட எல்லாக் கருவிகளும் ஏன் சமமாக உயரவில்லை? டிரோலைச் சேர்ந்த யாக்கோப் ஷ்டைனரின் வயலின்கள் 18ஆம் நூற்றாண்டில் ஸ்ட்ராடிவாரியைவிட உயர்வாக மதிக்கப்பட்டவை. அவற்றுக்கும் கழுத்து மாற்றப்பட்டது. ஆனால் உயர்ந்து புடைத்த அவற்றின் பலகை பெரிய அரங்குக்கு வேண்டிய வீச்சைத் தரவில்லை. ஸ்ட்ராடிவாரியின் தாழ்ந்த வளைவு தந்தது. ஆக, செய்தவரின் திறன் மெய்யானது. ஆனால் அத்திறன் பிற்காலத்தின் தேவையை ஏற்று வளைந்துகொடுத்ததால்தான் வெளிப்பட்டது. அதை வெளிக்கொணர வேறொரு கை தேவைப்பட்டது. இம்மறுப்பு என் வாதத்தை மறுக்கவில்லை. அதன் எல்லையை வரைந்து தருகிறது.

பழுதுபார்ப்போர் அழித்ததும் உண்டே என்பது மூன்றாவது மறுப்பு. அமெரிக்காவின் வெர்மிலியனில் உள்ள ‘தி கிங்’ என்னும் செல்லோவை 16ஆம் நூற்றாண்டில் செய்தவர் ஆந்திரேயா அமாத்தி. பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸின் சின்னங்கள் அதில் தீட்டப்பட்டுள்ளன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசிப்பு வசதிக்காக அதன் உடல் சிறிதாக்கப்பட்டபோது நடுவிலிருந்து மரம் போயிற்று. பின்புறத்தில் தீட்டியிருந்த நீதித் தேவதையின் இடுப்புப் பகுதியும் அதோடு போயிற்று. ஒலி கூடும் என்று நம்பிப் பலகைகளைச் சீவி மெலியவைத்தவர்களும் இருந்தார்கள். இக்குற்றச்சாட்டை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இதிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. கழுத்தை மாற்றியவர் சேர்த்தார்; அடுத்தவர் வேண்டுமானால் எடுக்கலாம். பலகையைச் சீவியவர் எடுத்தார். போன மரத்தை எவராலும் திருப்பி வைக்க முடியாது. வச்சிரத்துக்குப் பதில் செயற்கைப் பசையை இடுவதும் இரண்டாவது வகையைச் சேர்ந்ததே, ஏனெனில் அது அடுத்த பழுதுபார்ப்பவரின் வழியை அடைக்கிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. கருவியின் வரலாற்றை எழுதுவோர் அதன் உரிமையாளர் பட்டியலுக்குத் தரும் இடத்தை, அதைத் திறந்தவர்கள், மாற்றியவர்கள் பட்டியலுக்கும் தர வேண்டும். எந்தத் துண்டு எப்போது, யாரால் வைக்கப்பட்டது என்ற பதிவு இல்லாமல் ஒலியைப் பற்றிய எந்த ஆய்வும் எதை அளக்கிறது என்று சொல்ல முடியாது. புதிதாகச் செய்வோரைப் பொறுத்தவரை, ஸ்ட்ராடிவாரியின் வார்னிஷைப் போலச் செய்வதைவிட, தம் கருவியைப் பின்னொருவர் சேதமின்றித் திறக்க முடியுமா என்று கேட்டுக்கொள்வதே அவரைப் பின்பற்றும் வழியாகும்.