நோட்டின் பின்புறத்தில் தில்லி

பழைய தில்லியில் ஜாமா மசூதியை ஒட்டிய கடைகளில் பழங்காசுகளோடு காலனியக் காலத்து ரூபாய் நோட்டுகளும் விற்பனைக்கு வருவதுண்டு. சேகரிப்போர் முதலில் பார்ப்பது முன்புறத்தை: மதிப்பு, ஆண்டு, கையொப்பம், வெளியிட்ட நகரின் பெயர். தில்லியின் பண வரலாற்றை ஆராய்வோருக்கோ நோட்டின் பின்புறமே முக்கியச் சான்று. இதன் காரணம் நோட்டு வெளியிடப்பட்ட முறையில் உள்ளது.

1861ஆம் ஆண்டின் காகிதச் செலாவணிச் சட்டம் நோட்டு வெளியிடும் உரிமையை வங்காளம், பம்பாய், சென்னை மாகாண வங்கிகளிடமிருந்து அரசுக்கு மாற்றியது. நாடு செலாவணி வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வட்டத்தின் நோட்டு அவ்வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். 1910இல் கல்கத்தா, கான்பூர், லாகூர், பம்பாய், கராச்சி, சென்னை, ரங்கூன் என ஏழு வட்டங்கள் இருந்தன. சென்னை வட்ட நோட்டுகளில் தமிழ் இடம்பெற்றது இந்த ஏற்பாட்டினால்தான். வட்டத்துக்கு வட்டம் மொழிகள் மாறின.

இந்த ஏழில் தில்லி இல்லை. 1857 எழுச்சி அடக்கப்பட்டபின் பஞ்சாப் நிர்வாகத்தோடு இணைக்கப்பட்ட அந்நகரம், பணத்துறையிலும் லாகூரைச் சார்ந்திருந்தது. யமுனைக்குக் கிழக்கே இருந்த மாவட்டங்களோ அலகாபாத், பின்னர் கான்பூர் வட்டத்தைச் சேர்ந்தவை. வேற்று வட்டத்து நோட்டை அரசு தனக்குச் சேரவேண்டிய வரிக்காக ஏற்றுக்கொண்டது. தனியார் எவரும் ஏற்கக் கடமைப்பட்டவரல்லர். ஆற்றைக் கடந்து வணிகம் செய்தவர்கள் நாணயத்தையோ உண்டியையோ சராப்புகளின் உதவியையோ நாட வேண்டியிருந்தது.

இத்தடை படிப்படியாகவே நீங்கியது. 5 ரூபாய் நோட்டு 1903இல் பர்மா நீங்கலாக எங்கும் செல்லத்தக்கதாயிற்று. 10, 50 ரூபாய் நோட்டுகள் 1910இலும், 100 ரூபாய் நோட்டு 1911இலும் அந்நிலையை அடைந்தன. தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று தர்பாரில் அறிவிக்கப்பட்டதும் 1911 டிசம்பரில்தான். இரண்டும் தனித்தனி முடிவுகள். எனினும், புதிய தலைநகரின் பெயர் அப்போதைய எந்த வட்டத்து நோட்டிலும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

அக்காலத்துப் பெருமதிப்பு நோட்டுகள் ஒருபுறம் மட்டுமே அச்சிடப்பட்டவை. வெற்றாயிருந்த பின்புறத்தில் வணிகர்களும் வங்கியாளர்களும் கையொப்பமிட்டனர், முத்திரை பதித்தனர், மகாஜனி, உருது, ஆங்கில எழுத்துகளில் குறிப்பெழுதினர். தபாலில் அனுப்பும்போது களவுக்கு அஞ்சி நோட்டை இரண்டாக வெட்டினர். ஒரு பாதி போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தபின் மறுபாதியை அனுப்பினர். வரிசை எண் இருபுறமும் அச்சிடப்பட்டிருந்ததால் பாதிகளை ஒப்பிட்டு ஒட்ட முடிந்தது. ஆகவே, லாகூர் நோட்டொன்று தில்லிக் கடைத்தெருவில் புழங்கியதை அதன் முன்புறம் ஒருபோதும் சொல்லாது. பின்புறத்து முத்திரையும் கையெழுத்தும் மட்டுமே சொல்லும்.

1935இல் ரிசர்வ் வங்கி தொடங்கப்பட்டபின் நிலைமை மாறியது. 1938இல் வெளிவந்த ஆறாம் ஜார்ஜ் உருவம் தாங்கிய 100 ரூபாய் நோட்டுகளில் தில்லியின் பெயர் பொறித்தவையும் உண்டு. சேகரிப்போர் அவற்றைத் தேடுவது இயல்பே. ஆனால் அவற்றுக்கு முந்தைய அரை நூற்றாண்டு நோட்டுகளின் முதுகில்தான் தங்கியிருக்கிறது.

அந்த முதுகுக்கு இன்று ஆபத்து வந்துள்ளது. சந்தை தூய நோட்டையே விரும்புகிறது. தரப்படுத்தும் நிறுவனங்கள் மைக்குறிப்பையும் முத்திரையையும் குண்டூசித் துளையையும் குறைகளாகப் பதிவுசெய்கின்றன. விலை கூடும் என்பதற்காக நோட்டுகளைக் கழுவி, அழுத்தி, மடிப்பு நீக்கும் வழக்கமும் உள்ளது. கழுவிய நோட்டின் மதிப்பும் ஆண்டும் அச்சுப்பட்டியல்களில் எஞ்சும். அதைக் கைமாற்றியவரின் பெயர் வேறெங்கும் எஞ்சாது.

தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள நிதித்துறைக் கோப்புகள் அரசு என்ன ஆணையிட்டது என்பதைக் காட்டும். அந்த ஆணைக்குள் சாந்தினி சௌக்கின் வணிகர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதற்கு இந்தக் கிறுக்கல்களே சாட்சி. சேகரிப்போர் நோட்டின் இருபுறத்தையும் படமெடுத்துப் பகிர்வதும், பின்புறத்தைக் கழுவாமல் விடுவதும் ஆய்வுலகுக்குச் செய்யும் பேருதவியாகும்.