ஜெர்மனியில் நம்மவர் கற்ற கல்வி

நம் காலனியில் இரண்டு குடும்பத்தார் கூடிப் பேசினால், பேச்சு எப்படியோ ஜெர்மனியில் வந்து நிற்கின்றது. "பையன் மேற்படிப்புக்கு அங்கே போகிறானாம், சம்பளமே கட்ட வேண்டாமாம்" என்று ஒருவர் கூற, மற்றவர் வியந்து கேட்கின்றார். இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் எளியேன் கல்லூரி வாயிலை மிதித்தவன் அல்லேன். எனினும், நம் பிள்ளைகள் செல்லும் வழியில் முன்னர் நடந்தவர் யாவர், அவர்கள் பெற்றது என்ன, கொடுத்தது என்ன என்பவற்றை நூல்களில் தேடிப் படித்ததுண்டு. அவற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. ஜெர்மனி பணமாக வாங்காததை மொழியாக வாங்குகின்றது. அக்கடனைச் செலுத்தியவர்களே அங்கு முழுப் பயன் அடைந்தனர்.

முதல் தமிழர்

இத்தொடர்பின் தொடக்கம் நம் தரங்கம்பாடியில் இருக்கின்றது. 1706ஆம் ஆண்டு அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், மணலில் எழுதிப் பழகும் சிறுவரோடு அமர்ந்து தமிழ் கற்றார். 1714ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தாய்நாட்டுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்னும் தமிழரும் உடன் சென்றார். இவர் பட்டம் பெறச் சென்றவர் அல்லர். தமிழ்ப் பேச்சுக்குத் துணையாகச் சென்றவர். 1716ஆம் ஆண்டில் சீகன்பால்கு இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சேறிற்று. ஆக, ஜெர்மனிக்குச் சென்ற முதல் தமிழர்களுள் ஒருவர் அந்நாட்டாருக்கு மொழியைக் கொடுக்கச் சென்றவராவார்.

இலண்டனை விடுத்து ஏன் அங்கு சென்றனர்?

ஆங்கிலேயர் ஆட்சியில் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் வழக்கறிஞர் தொழிலுக்கும் சிவில் சர்வீஸ் தேர்வுக்கும் இலண்டனை நாடினர். ஆராய்ச்சியை விரும்பியோர் ஜெர்மனியை நாடினர். 1810ஆம் ஆண்டில் தோன்றிய பெர்லின் பல்கலைக்கழகம், கற்பித்தலும் ஆராய்தலும் ஒருங்கே நிகழவேண்டும் என்னும் கொள்கையை நிலைநாட்டியிருந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமோ ஆய்வுக்கான டாக்டர் பட்டத்தை 1917ஆம் ஆண்டில்தான் ஏற்படுத்திற்று.

இக்காரணத்தால் கேம்பிரிட்ஜில் பயின்ற கவிஞர் இக்பாலும் டாக்டர் பட்டத்துக்கு மியூனிக் நகரை நாடவேண்டியதாயிற்று. அதற்குமுன் 1907ஆம் ஆண்டில் ஹைடல்பர்க் நகரில் தங்கி அவர் ஜெர்மன் மொழி கற்றார். அந்நகரின் ஆற்றங்கரைச் சாலை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கல்கத்தாவின் தேவேந்திர மோகன் போஸ் 1914ஆம் ஆண்டில் பெர்லினுக்குப் பெளதிக ஆராய்ச்சிக்குச் சென்றார். சென்ற ஆண்டே உலகப் போர் மூண்டது. ஆங்கிலேயரின் குடிமகனாகையால் பகைநாட்டில் அகப்பட்டுக்கொண்ட நிலைமை! ஊர் திரும்பும் வழி அடைபட்டது. எனினும் ஆராய்ச்சியைக் கைவிடாது 1919ஆம் ஆண்டில் பட்டத்துடன் மீண்டார். மகன் வெளிநாட்டில் இருக்கையில் செய்தித்தாளைப் பிரிக்க அஞ்சும் தாய்மார் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளலாம்.

ஜாகிர் உசேனும் இராவதி கார்வேயும்

பின்னர் இந்தியக் குடியரசின் தலைவரான ஜாகிர் உசேன் 1922ஆம் ஆண்டில் பெர்லின் சென்று பொருளாதாரம் பயின்றார். அடுத்த ஆண்டில் அந்நாட்டு நாணயம் வீழ்ந்த வீழ்ச்சியை என்னென்பது! 1923ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க் கொடுக்கவேண்டியிருந்தது. அத்தகைய குழப்பத்தினிடையே அவர் பாடத்தோடு நில்லாது, மகாத்மா காந்தியடிகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் நூலொன்று வெளிவரவும் உழைத்தார். விருந்தினராய்ச் சென்றவர் அவர்கள் மொழியிலேயே நம் நாட்டை அவர்களுக்கு அறிமுகம் செய்தார் அன்றோ! 1926ஆம் ஆண்டில் டாக்டர் பட்டத்துடன் திரும்பியவர், பெரும் பதவியைத் தேடாமல், மூடும் நிலையிலிருந்த ஜாமியா மில்லியா கல்விக் கூடத்தை ஏற்று 22 ஆண்டுகள் நடத்தினார்.

பெண்மக்களைப் பெற்றோர் அறியவேண்டிய வரலாறு இராவதி கார்வே அம்மையாருடையது. 1905ஆம் ஆண்டில் பர்மாவில் பிறந்த இவர், அந்நாட்டு ஐராவதி ஆற்றின் பெயரைப் பெற்றவர். 1928ஆம் ஆண்டில் பெர்லின் செல்ல விரும்பியபோது, பெண்கல்விக்கு வாழ்வையே ஈந்த மாமனார் தோண்டோ கேசவ கார்வே அதற்கு உடன்படவில்லை. கணவர் தினகர் துணை நின்றார். ஜீவராஜ் மேத்தாவிடம் கடன் பெற்றே பயணம் நிகழ்ந்தது. கடன்பட்டுப் பிள்ளையை அனுப்புவது இன்று தோன்றிய வழக்கமன்று என்பதை இதனால் அறிகிறோம்.

அங்கு அவருடைய பேராசிரியர் ஆய்கன் பிஷர், வெள்ளை இனத்தாரின் மண்டையோட்டு அமைப்பே அவர்தம் அறிவு மேம்பாட்டுக்குச் சான்று என்னும் கருத்தை மெய்ப்பிக்க விரும்பினார். இராவதி மண்டையோடுகளை ஒவ்வொன்றாய் அளந்தார். இனத்துக்கும் அவ்வமைப்புக்கும் தொடர்பில்லை என்று கண்டதைக் கண்டவாறே எழுதினார். ஆசிரியரின் கொள்கைக்கு மாறாக, ஆசிரியரின் நாட்டிலேயே, ஓர் இந்தியப் பெண் அவ்வாறு எழுதியது சிறு செயலோ? சில ஆண்டுகளில் இட்லர் ஆட்சி அக்கருத்தை வைத்து இழைத்த கொடுமைகளை உலகறியும்.

விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப்பின் அந்நாடே நம்மைத் தேடி வந்தது. 1956ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனி உயர் தொழில்நுட்பக் கல்வி நிலையம் ஒன்றுக்கு உதவ முன்வந்தது. 1959ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கப் பெற்றது. அங்கிருந்து பேராசிரியர்கள் வந்தனர். இங்கிருந்து ஆசிரியர்கள் பயிற்சிக்குச் சென்றனர். நாம் இரயிலில் காணும் எல்.எச்.பி. பெட்டிகளின் அமைப்பும் ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் வழி வந்ததே.

இன்று

2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் பயின்ற இந்திய மாணாக்கர் 49,483 பேர். வெளிநாட்டு மாணாக்கருள் நம்மவரே முதலிடம் பெற்றனர். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் சம்பளம் இல்லை என்பது மெய்யே. ஆயினும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் நம்மவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகின்றது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் விதித்துள்ளது. தனியார் கல்லூரிகளோ முன்னரே பெருந்தொகை கேட்பவை. இவையன்றி, ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முன்னதாகவே வங்கியில் கட்டிக் காட்டவேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த விதி. தரகர் சொல்வதை மட்டும் கேட்டு வீட்டை அடகு வைப்போர் இக்கணக்கை முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தல் நலம்.

பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால் ஜெர்மன் மொழி வேண்டாம் என்று எண்ணுவோரும் உளர். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தங்க இசைவு உண்டு. ஆனால் தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் கடைத்தெருவிலும் பேசப்படுவது ஜெர்மனே. இதை நமக்குப் பிறர் சொல்லவேண்டுவதில்லை. மாற்றலாகி இவ்வூருக்கு வந்த நாளில் காய்கறிக்காரரிடம் கையைக் காட்டி விலை கேட்டவர்கள் நாம். இவ்வூர் மொழி நாவில் ஏறியபின்தானே இவ்வூர் நமக்கு ஊராயிற்று? அதனால் வீட்டுத் தமிழ் குறைந்துவிடவும் இல்லை. இவ்வாண்டு விழாவே அதற்குச் சான்று.

ஆகவே பெற்றோர்களே, பெட்டி கட்டுமுன் ஓராண்டேனும் பிள்ளைகளை ஜெர்மன் கற்கச் செய்யுங்கள். கடனை அளந்து வாங்குங்கள். இளைஞர்களே, ஜாகிர் உசேனைப்போல் அவர்கள் மொழியில் நம் நாட்டைக் கூறுங்கள். இராவதி அம்மையாரைப்போல் கண்டதைக் கண்டவாறு எழுதும் துணிவைக் கற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வந்தாலும் அங்கேயே தங்கினாலும் அக்கல்வி உங்களைக் கைவிடாது. சென்று வருக! வென்று வருக!