வாத்தியாரின் குரல்

அந்நாளைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இல்லை. எல்லாருக்கும் ஏடும் இல்லை. வாத்தியாரின் குரலே பாடநூல். ஆயினும் அவர் நாள் முழுதும் கத்திக்கொண்டிருக்கவில்லை. ஓர் எழுத்தைத் திருத்தமாகச் சொல்லுவார். சட்டாம்பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லுவான். பிள்ளைகள் ஒருமிக்கச் சொல்லியபடியே மணலில் விரலால் எழுதுவார்கள்.

அந்த மணலெழுத்தைச் சென்னையில் கண்டவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். எழும்பூர் அனாதைச் சிறுவர் இல்லத்தை 1789இல் பொறுப்பேற்ற அவர், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே இளையவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பல தோட்டங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள். கங்காணியோ கிராணியோகூட வாத்தியாரானதுண்டு. அங்கே ஒரு வகுப்புக்குக் குரலை உயர்த்தினால் மற்றவை கலையும். நிறுத்தி, தெளிவாகச் சொல்லி, பிள்ளைகளைச் சொல்ல வைப்பதே வழி.

ஆனால் ஒன்று: கூட்டத்தோடு வாயசைக்கும் பிள்ளை தப்பிவிடும். ஆகவே நல்லாசிரியர் தம் குரலை நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் தனியே கேட்பார்.

மஸ்ஜித் தானா வட்டாரத் தோட்டத்து வீடுகளிலும் இதை நாம் செய்யலாம். இரவில் பிள்ளை உரக்க வாசிக்கட்டும். நமக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் செவி உண்டு. பிள்ளை தடுமாறும் இடம் அதற்குத் தெரியும்.